பழைய எஸ்டீமை வீட்டிலேயே ரேலி காராக மாற்றுவது: எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பெங்களூரு ஹலசூரில் சொந்த வீடு, பக்கத்தில் தகர ஷெட் இருக்கிறது. அப்பா ஓட்டிய 2003 மாடல் மாருதி எஸ்டீம் நாலு வருடமாக ஓடாமல் நிற்கிறது. அதை நானே ரேலி காராக மாற்ற ஆசை. எஞ்சினை இறக்கி, சிலிண்டர் போரைக் கடைந்து பெரிதாக்கி, டியூன் செய்வதில் தொடங்கலாமா?"

தம்பி, தாராளமாக மாற்றலாம். எஸ்டீம் அதற்கு நல்ல வண்டி. ஏறக்குறைய 900 கிலோதான் எடை. 1298 சிசி அலுமினிய எஞ்சின், அதை எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பார். ஸ்பேர் இன்றும் ஜேசி ரோட்டில் புதிதாகவும் சிவாஜிநகர் குஜிரி என்னும் பழைய சாமான் சந்தையில் பழையதாகவும் தேடினால் கிடைக்கும். நான் ரேலிகளுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஜிப்ஸிக்கு அடுத்தபடி சர்வீஸ் பார்க்கில் (போட்டி நடுவே வண்டிகளைப் பழுது பார்க்கும் இடம்) அதிகம் நின்றது எஸ்டீம்தான்.

ஆனால் எஞ்சினில் தொடங்காதீர்கள். பதினெட்டு வருடம் சர்வீஸ் குழுவில் மண்ணில் படுத்து வேலை பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பாதியில் நின்ற வண்டிகளில் பவர் போதாமல் நின்றது என்று ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப் கிழிந்தது, ரேடியேட்டரில் கல் குத்தியது, டிரைவ் ஷாஃப்ட் கழன்றது, சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் மேல்மவுண்ட் பாடியைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்தது, பேட்டரி வயர் உரசி எரிந்தது என்று எல்லாம் இந்த வகைதான். ரேலி என்பது, நேரம் குறித்து ஓட்டும் பாதைத் துண்டுகளான ஸ்டேஜ்களில் கடைசி ஸ்டேஜ் வரை வந்து சேரும் வண்டிக்கான போட்டி. அதனால் காசும் நேரமும் இந்த வரிசையில் போகட்டும்: முதலில் பாடி, அடுத்து கேஜ் (வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு), அப்புறம் சீட்டும் பெல்ட்டும், பிறகு சஸ்பென்ஷன், பிரேக். மிச்சம் இருந்தால் எஞ்சின்.

அதற்கும் முன்னால் விதிநூலைப் படிக்க வேண்டும். இந்தியாவில் மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுத்து மேற்பார்வை பார்க்கும் அமைப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அவர்களிடம் போட்டியாளர் லைசென்ஸ் எடுக்காமல் ரேலியில் இறங்க முடியாது. வண்டி எந்த வகுப்பில் வரும், அந்த வகுப்பில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அந்தந்த ஆண்டுக்கான விதிநூலில் இருக்கும். ஒரு வகுப்பில் பாடியை வலுப்படுத்த அனுமதி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பழைய மாடலைச் சேர்ப்பார்களா என்பதையும் அங்கேதான் பார்க்க வேண்டும். நம்ம ஊரிலேயே கர்நாடகா மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கிறது, கே1000 ரேலியை நடத்துபவர்கள். நேரில் போய், "இந்த வண்டி, இந்த வருட மாடல், எந்த வகுப்பு?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். போட்டிக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்குரூட்டினி பார்ப்பவர்கள் வண்டியைத் திருப்பி அனுப்பத் துடிப்பவர்கள் இல்லை. முதலிலேயே கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.

சட்டத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரேலியில் வேகமாக ஓடும் ஸ்பெஷல் ஸ்டேஜ்கள் மூடப்பட்ட பாதையில் நடக்கும். ஒரு ஸ்டேஜில் இருந்து அடுத்ததற்குப் போகும் டிரான்ஸ்போர்ட் பகுதி சாதாரண சாலை, அங்கே சிக்னலுக்கு நிற்க வேண்டும். ஆகவே ஆர்சியும் இன்சூரன்ஸும் உயிரோடு இருக்க வேண்டும். 2003 வண்டியின் பதினைந்து வருடம் 2018-லேயே முடிந்திருக்கும், புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால் கேஜ் போட்ட வண்டியில் இந்திராநகர் பக்கம் காபி குடிக்கப் போகும் எண்ணம் வேண்டாம். போட்டி இடத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் சரி. பொதுச் சாலையில் வேகம் பார்ப்பது 189-ஆம் பிரிவில் தனிக் குற்றம், மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விழலாம். சாதாரண கார் இன்சூரன்ஸ் பந்தயத்தில் நடக்கும் சேதத்துக்குப் பணம் தராது என்பதையும் வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

இனி பாடி. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், நானும் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு டீலரிடம் பளபளப்பான எஸ்டீம் ஒன்றை வாங்கி மூன்று மாதம் உழைத்தோம். முதல் ரேலியின் இரண்டாவது ஸ்டேஜில் முன் இடது ஸ்ட்ரட் டவர் (ஸ்ட்ரட்டின் மேல்முனை மாட்டும் பாடிப் பகுதி) கிழிந்து பானெட்டை உள்ளிருந்து முட்டியது. பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால், அதை ஒட்டிய உள் ஏப்ரன் தகட்டில் விரல்கடை அளவுக்குப் பட்டி, அதன் அடியில் துரு. டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஷெல், அதாவது வெறும் பாடிக் கூடு, அன்றே குப்பை.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்குரூடிரைவர், ஒரு கம்பி பிரஷ், ஒரு ஹேண்ட் லேம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். எங்கே பிடிமானம் தளர்கிறதோ அங்கே பட்டி இருக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக்கி வைக்கும் இடம், பின் சக்கரத்துக்கு மேல் வளைவு, பேட்டரி டிரேக்குக் கீழே, முன் கார்ப்பெட்டுக்கு அடியில், இங்கெல்லாம் ஸ்குரூடிரைவர் நுனியை அழுத்துங்கள். நல்ல தகடு 'டங்' என்று திருப்பிச் சொல்லும். துருப்பிடித்தது சத்தமில்லாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். பிறகு பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மேல்மவுண்டைச் சுற்றி பிரஷ் போட்டுப் பெயின்டை எடுங்கள். அங்கே தகடுகளைக் கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங்கால் ஒட்டியிருப்பார்கள், சின்னச் சின்ன வட்டக் குழிகளாகத் தெரியும். அந்த வட்டத்தைச் சுற்றி தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடுகிறதா என்று லேம்பைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஓடினால் தகடு களைத்துவிட்டது என்று அர்த்தம், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும்.

பாடி தேறிவிட்டால் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எஞ்சின், கண்ணாடி, டேஷ்போர்டு, கார்ப்பெட், கூரைத் துணி, வயரிங், பெட்ரோல் டேங்க், ஒன்று விடாமல். கழற்றும்போதே ஒவ்வொரு போல்ட் கூட்டத்தையும் தனி டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதுங்கள். வயரிங்கைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் பிடியுங்கள். தரையில் தார் போல ஒரு ஷீட் ஒட்டியிருக்கும், சத்தத்தைக் குறைக்க. அதை ஹீட் கன்னால் இளக்கி பட்டைக் கத்தியால் சுரண்டி எடுக்க நாலு ஞாயிறு ஆகும், கை வலிக்கும். ஆனாலும் முழுக்க எடுங்கள், வெல்டிங் பொறி பட்டால் அது பற்றி எரியும். வெறும் தகடாக நிற்கும் ஷெல்லை நம்ம ஊர் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்பழுப்பு படர்ந்திருக்கும். எந்த இடத்தைச் சுரண்டினீர்களோ அந்த இடத்துக்கு அன்று மாலையே பிரைமர் அடித்துவிடுங்கள்.

இதுவரை எல்லாமே வீட்டில் செய்யக்கூடிய வேலை. ரோல் கேஜ் அப்படியில்லை. அதை உங்கள் ஷெட்டில் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. குழாய் சீம்லெஸ்ஸாக, அதாவது நீளவாட்டில் தையல் இல்லாமல், குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீலாக இருக்க வேண்டும். இழுவிசை வலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல். டிரைவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மெயின் ஹூப்புக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 கனம், அல்லது 50 விட்டம், 2 கனம். மற்றக் குழாய்களுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். சூடு போட்டு வளைக்கக்கூடாது. மெயின் ஹூப்பின் கால் பாடியில் உட்காரும் இடத்தில் 3 மில்லிமீட்டர் தகடு, 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல், பாடியோடு வெல்டிங் செய்யப்பட வேண்டும். போல்ட் வைத்துக் கட்டினால் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று எம்8 போல்ட், 8.8 கிரேடு. விதிநூலின் புதிய பதிப்பையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வரும் ஜிஐ குழாயை வளைத்து கேஜ் போட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அது கேஜ் இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து. கவிழும்போது நீளவாட்டுத் தையலில் பிளந்து, கூரான முனை உள்ளே வரும். தொழிற்பேட்டைப் பகுதியான பீன்யாவில் சீம்லெஸ் டியூப் விற்பவரிடம் டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு கேளுங்கள். சர்டிஃபிகேட் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எங்களுக்கு கேஜ் போட்டுத் தந்தவர் தங்கவயல்காரர். 2001-ல் சுரங்கம் மூடியபிறகு பீன்யாவுக்கு வந்த பெரியவர். அவர் வேலையில் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், உங்களுக்கும் பயன்படும். கூரையை ஒட்டிப் போகும் குழாய் இணைப்பில் மேல்பக்கத்துக்கு டார்ச் போகாது, கூரை இடிக்கும். பலர் அந்த மேல்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். கீழே இருந்து பார்த்தால் வெல்டிங் முழுசாக இருப்பது போலத் தெரியும். பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? கேஜை உள்ளே நிறுத்தி எல்லா இணைப்பையும் டாக் மட்டும், அதாவது பொட்டுப் பொட்டாகத் தற்காலிக வெல்டிங் மட்டும், அடித்தார். பிறகு ஒவ்வொரு காலும் உட்காரும் இடத்தில் தரைத் தகட்டில் ஓட்டை வெட்டி, முழுக் கேஜையும் ஒரு சாண் கீழே இறக்கினார். இப்போது கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் கை போகும் இடம் கிடைத்தது. ஒவ்வொரு இணைப்பையும் சுற்றிச் சுற்றி முழு வட்டமாக வெல்டிங் செய்தார். ஆறியபிறகு கேஜை மேலே தூக்கி, ஓட்டைகளை மூடி 3 மில்லிமீட்டர் தகடு வைத்து, கால்களை அதன்மேல் உட்கார வைத்தார். முடித்ததும் ஒரு சின்னக் கண்ணாடியைக் கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் நுழைத்து, "பாருப்பா, மேலயும் தையல் இருக்குதா?" என்றார். உங்கள் ஃபேப்ரிகேட்டரிடம் அந்தக் கண்ணாடியை நீங்களே நுழைத்துப் பாருங்கள். முகம் சுளித்தால் அவர் வேண்டாம்.

கேஜ் உள்ள வண்டியை ஹெல்மெட் இல்லாமல் ஓட்டக்கூடாது. சின்ன இடியிலேயே தலை இரும்பில் மோதும். டெஸ்ட் ஓட்டத்தில், ஷெட்டில் இருந்து லாரிக்கு ஏற்றும் அந்த நூறு அடியில்கூட, இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டும் பெல்ட்டும் காரின் இன்றைய சந்தை விலையை விட அதிகம் பிடிக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எஃப்.ஐ.ஏ. லேபிளில் தேதி இருக்கும், காலாவதியானால் ஸ்குரூட்டினியில் விடமாட்டார்கள். சாதாரண 8855-1999 தர சீட்டுக்கு ஆயுள் ஐந்து வருடம். "போன சீசனில் எடுத்தது" என்று சொல்லி விற்கும் பழைய சீட்டை வாங்கும் முன் அந்த லேபிளைக் கண்ணால் பாருங்கள். சீட்டை நாலு இடத்திலாவது 8 மில்லிமீட்டர் போல்ட்டால், தரைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் தகடு வைத்துப் பிடிக்க வேண்டும். தோள்பட்டை பெல்ட் பின்னால் கிட்டத்தட்ட நேராகப் போகட்டும், 10 டிகிரி சாய்வுக்குள் நல்லது, 45-ஐத் தாண்டவே கூடாது. தரையில் மாட்டி மேலே இழுத்தால் மோதும்போது முதுகெலும்பை அமுக்கும். இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றின் மேல் ஏறக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து நோட்ஸ் படிக்கும் கோ-டிரைவருக்கும் இதே தரம்தான். டிரைவருக்கு நல்லதை வாங்கிவிட்டு, கோ-டிரைவருக்குப் பழையதை மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சஸ்பென்ஷனில் எல்லோரும் செய்யும் தவறு, மண்பாதை என்றதும் வண்டியை அளவுக்கு மீறி உயர்த்துவது. எஸ்டீம் முன்சக்கர டிரைவ். அதிகம் உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் சாய்வாகவே சுழன்று, அதை மூடும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, கடகடவென்று சத்தம் போட்டு உடையும். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் போதும். உயரத்தை விட டாம்பர், அதாவது ஷாக் அப்சார்பர்தான் முக்கியம். பள்ளத்தில் இறங்கிய சக்கரம் அடுத்த கல் வருவதற்குள் தரையைத் தொட வேண்டும், அந்த வேலையைச் செய்வது நல்ல ஷாக் அப்சார்பர். புது ரப்பர் புஷ், புது பால் ஜாயின்ட், புது பேரிங், புது எஞ்சின் மவுண்ட், இவற்றில் பழையது ஒன்றைக்கூட விட்டுவைக்க வேண்டாம். டயர் அகலமாக வேண்டாம். லூஸ் மண்ணில் குறுகிய டயர்தான் மேல்மண்ணை வெட்டிக்கொண்டு அடியில் கெட்டியான தரையைப் பிடிக்கும்.

சம்ப்பைக் கல்லில் இருந்து காக்கும் சம்ப் கார்டுக்கு 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு நன்றாக உழைக்கும். அதைப் பாடியின் உறுதியான அடிச்சட்டத்தில் மாட்டுங்கள், எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ மாட்டாதீர்கள். சம்புக்கும் கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். முன் முனை மேல்நோக்கி வளைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மண்ணை மண்வெட்டி போல அள்ளும். ஆயில் மாற்ற ஓர் ஓட்டை போட மறக்காதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும் கொஞ்ச நேரத்தில் கார்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது.

பிரேக்கில் புது டிஸ்க், புது லைனிங், புது ஹோஸ், டாட் 4 ஆயில் போட்டால் தொடக்கத்துக்குப் போதும். தரைக்கு அடியில் ஓடும் பிரேக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் கல் அடிக்கும். உள்ளே கொண்டுவர விதி அனுமதித்தால், உள்ளே ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாகக் கொண்டு வாருங்கள். பேட்டரியைத் தகட்டுப் பட்டையால் போல்ட் போட்டுக் கட்டுங்கள், ரப்பர் பெல்ட் போதாது. மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் உள்ளிருந்தும் வெளியிருந்தும் எட்ட வேண்டும். வெளியே நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர், அடிப்பக்கம் 12 சென்டிமீட்டர். தீயணைப்பான், முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி, பானெட் பின், மட்ஃபிளாப், எதுவும் விட்டுப்போகக் கூடாது.

எஞ்சினுக்கு வருகிறேன். சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்து பாருங்கள், நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தால் திறக்கவே வேண்டாம். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ், கிளட்ச் புதிது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து முன்னால் கம்பிவலை. புழுதி போகாத நல்ல ஏர் ஃபில்டர். அவ்வளவுதான். ஆசிய பசிபிக் ரேலி சாம்பியன்ஷிப்பை 2013, 2016, 2017 என மூன்று முறை வென்ற கௌரவ் கில் ஓட்டிய ஸ்கோடா, கம்பெனியே ரேலிக்கென்று கட்டிய வண்டி. அதைப் பார்த்துவிட்டு எஸ்டீமில் பவர் தேடினால் காசும் போகும், நம்பகமும் போகும். அந்தப் பணத்தில் இரண்டு செட் டயர் வாங்கி ஓட்டிப் பழகினால், ஸ்டேஜில் நேரம் கண்ணுக்குத் தெரிந்து குறையும்.

ஹலசூரில் ஷெட் என்கிறீர்கள், வீடுகள் ஒட்டியிருக்கும். கிரைண்டரைக் காலை பத்து மணிக்கு மேல் எடுங்கள், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெல்டிங் நடக்கும்போது ஒரு வாளி மணல், ஒரு தீயணைப்பான், பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், நாலு ஸ்டாண்டு வாங்குங்கள். நீங்கள் வாங்கும் முதல் கருவி அதுவாக இருக்கட்டும். வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் ஒன்றரை வருடம் ஆகும், ஆறு மாதத்தில் முடிக்கிறேன் என்று யாருக்கும் வாக்கு கொடுக்காதீர்கள்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். டிஎஸ்டி (டைம்-ஸ்பீட்-டிஸ்டன்ஸ்) ரேலிக்குச் சாதாரண வண்டியே போதும், குறித்த சராசரி வேகத்தில் குறித்த நேரத்துக்கு வந்து சேர்வதுதான் போட்டி. வழி சொல்லும் ரோடு புக் படிப்பதும், கோ-டிரைவரோடு பேசிப் பழகுவதும், நேரம் குறிக்கும் இடமான டைம் கன்ட்ரோலில் கார்டு நீட்டுவதும் அதில் வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. அது அப்பா ஓட்டிய வண்டி என்கிறீர்கள். கேஜை வெல்டிங் செய்தபிறகு அதைத் திரும்பக் குடும்ப வண்டியாக்க முடியாது. பின்சீட்டு போய்விடும், கூரைத் துணி போய்விடும், அம்மா ஏறி உட்கார இடம் இருக்காது. அப்பாவிடம் இதை இப்படியே சொல்லிக் கேளுங்கள். அவர் தயங்கினால், இன்னொரு எஸ்டீம் ஷெல்லைத் தேடுவது பெரிய காரியம் இல்லை. அந்தக் காந்தத்தையும் ஸ்குரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்க நானும் கூட வருகிறேன்.